டேப்லெட் வாங்கப் போகிறீர்களா? இன்ச்சை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

டேப்லெட் பெட்டியில் 11 இன்ச் என்று போட்டிருந்தால், அது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை உள்ள நீளம். பக்கம் எவ்வளவு பெரிதாகத் தெரியும், எழுத்தைக் கண் சுருக்காமல் படிக்க முடியுமா, வெயிலில் தெரியுமா என்று எதையும் அந்த எண் சொல்லாது. அதே 11 இன்ச்சில் 15 ஆயிரம் ரூபாய்க்கும் டேப் இருக்கிறது, ஒரு லட்சத்துக்கும் இருக்கிறது. அந்த இடைவெளியில் பணம் எங்கே போகிறது, அதில் எது உங்கள் வேலைக்குத் தேவை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய் வீணாகாமல் காப்பாற்றலாம்.

இங்கே பெரும்பாலும் படிப்புக்காக வாங்குபவர்களை மனதில் வைத்தே பேசுகிறோம். பாடப்புத்தக பி.டி.எஃப்., போட்டித் தேர்வுக் குறிப்புகள், ஆன்லைன் வகுப்பு, கையால் குறிப்பெழுதுவது ஆகிய வேலைகளில்தான் தவறான அளவை வாங்கிவிட்டு வருந்துபவர்கள் அதிகம்.

அகலம்தான் முதல் கணக்கு

திரையின் நீள அகல விகிதம் எல்லா டேப்பிலும் ஒன்று அல்ல. ஆண்ட்ராய்டு டேப்கள் பெரும்பாலும் 16:10 விகிதத்தில் நீளமாக இருக்கும். ஐபேட்கள் பெரும்பாலும் ஏறத்தாழ 4:3 விகிதத்தில் சதுரத்தை ஒட்டி இருக்கும். 16:10 விகிதத்தில் 11 இன்ச் என்றால் திரை 237 மி.மீ. நீளம், 148 மி.மீ. அகலம். அதே 11 இன்ச் 4:3 விகிதத்தில் இருந்தால் 223 மி.மீ. நீளம், 168 மி.மீ. அகலம். பெட்டியில் ஒரே எண்தான். நிமிர்த்திப் பிடித்துப் படிக்கும்போது அகலத்தில் மட்டும் 2 செ.மீ. வித்தியாசம்.

இன்ச் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு ஆப்பிளிடமே ஓர் உதாரணம் இருக்கிறது. 2022-ல் வந்த 10-ம் தலைமுறை ஐபேடை 10.9 இன்ச் என்று விற்றார்கள். 2025-ல் வந்த, ஏ16 சிப் உள்ள ஐபேடை 11 இன்ச் என்கிறார்கள். இரண்டிலும் அதே 2360×1640 பிக்சல் (திரையின் ஒளிப்புள்ளிகள்), அதே அடர்த்தி. திரை ஒரு மில்லிமீட்டர்கூட வளரவில்லை.

கேள்வித்தாள், ஜெராக்ஸ் நோட்ஸ், அரசாணை என்று நாம் படிக்கும் பி.டி.எஃப்.களில் பெரும்பகுதி ஏ4 அளவில்தான் இருக்கின்றன. ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. டேப்பை நிமிர்த்திப் பிடித்து, பக்கத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்தினால் அது இப்படிச் சுருங்கும்:

8.7 இன்ச் ஆண்ட்ராய்டு டேப் (1340×800): அகலம் 113 மி.மீ., பக்கம் 54 சதவீதமாகத் தெரியும்.
10.1 இன்ச் (1280×800): 136 மி.மீ., 65 சதவீதம்.
11 இன்ச், 16:10: 148 மி.மீ., 70 சதவீதம்.
சாதாரண ஐபேட்: 158 மி.மீ., 75 சதவீதம்.
13 இன்ச் ஐபேட் ஏர்: 197 மி.மீ., 94 சதவீதம்.

இந்தச் சதவீதங்கள் நடைமுறையில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள டேப் கடைக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் வழக்கமாகப் படிக்கும் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, 54 சதவீதத்தில் ஒன்றும் 70 சதவீதத்தில் ஒன்றும் சுருக்கி எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஏ4-ஐ ஏ5 ஆக்குவது பெரும்பாலான மெஷின்களில் தயாராக இருக்கும் அளவுதான். அது 70 அல்லது 71 சதவீதத்தில் வரும். இரண்டு தாள்களையும் வழக்கமாகப் படிக்கும் தூரத்தில் பிடித்து அரை மணி நேரம் படித்துப் பாருங்கள். 54 சதவீதத் தாள் கண்ணுக்கு ஒத்துவராவிட்டால், 8.7 இன்ச் டேப் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது உங்களுக்கானது அல்ல.

சின்னத் திரையில் பக்கத்தைப் படுக்கைவாக்கில் திருப்பிக்கொள்ளலாமே என்று தோன்றும். திருப்பினால் 8.7 இன்ச்சிலும் எழுத்து 90 சதவீத அளவுக்கு வந்துவிடும், உண்மைதான். ஆனால் பக்கத்தில் பாதிக்கும் குறைவான பகுதிதான் ஒரு நேரத்தில் தெரியும். பக்கத்தின் முழு அகலத்துக்கும் ஒரே பத்தியாக ஓடும் கட்டுரைக்கு அது பரவாயில்லை. இடம் வலமாக இரண்டு பத்தியாக அச்சடித்த கேள்வித்தாளில் கீழே போய், மறுபடி மேலே வந்து, மறுபடி கீழே போக வேண்டும். இதைவிட நல்ல வழி, ஓரத்து வெற்றிடத்தை வெட்டிக் காட்டும் வசதியுள்ள ரீடர் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்வது. பக்கத்தின் இரு ஓரங்களிலும் 2 செ.மீ. வெற்றிடம் இருந்தால், அதை வெட்டியதும் 16:10 விகித 11 இன்ச் திரையில் எழுத்து 70 சதவீதத்திலிருந்து 87 சதவீதத்துக்கு ஏறிவிடும். செலவே இல்லாமல் பெரிய திரை வாங்கிய பலன் இதில் கிடைக்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் பக்கம் பக்கமாக இறுகிப்போன கோப்புகளுக்குத்தான். கிண்டில் புத்தகம், இ-பப், செய்தித் தளம் போன்றவற்றில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும். கதைப் புத்தகம் படிக்க மட்டும் வாங்குபவருக்கு 8.7 இன்ச் போதும். சொல்லப்போனால் அதுவே நல்லது. 300 முதல் 350 கிராம் எடைதான், ஒரு கையில் பிடித்துப் படுத்தபடி படிக்கலாம். 11 இன்ச் டேப்கள் அரைக் கிலோவை ஒட்டி இருக்கும். கவரும் சேர்ந்தால் இன்னும் கூடும், மடியிலோ மேசையிலோ வைத்துத்தான் படிக்க முடியும்.

படம் பார்க்க வாங்குபவர்களுக்குக் கணக்கு தலைகீழ். இன்றைய வீடியோக்கள் 16:9 விகிதத்தில் இருப்பதால், 16:10 விகித 11 இன்ச் திரையில் படம் 10.7 இன்ச் அளவுக்கு விரியும். 4:3 விகித 11 இன்ச் திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, படம் 10.1 இன்ச்சோடு நின்றுவிடும்.

பிக்சல் அடர்த்தியும் தமிழ் எழுத்தும்

அகலத்துக்கு அடுத்து வருவது கூர்மை. ஓர் இன்ச்சுக்குள் எத்தனை பிக்சல் என்பதைப் பி.பி.ஐ. என்கிறார்கள். இதை விளம்பரத்தில் போடாவிட்டாலும் நீங்களே கணக்கிடலாம். நீளப் பிக்சலின் வர்க்கத்தையும் அகலப் பிக்சலின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இன்ச்சால் வகுக்க வேண்டும். 1920×1200 திரையில் வர்க்கமூலம் 2264 வரும். அதை 11-ஆல் வகுத்தால் 206. அகலத்தின் 1200 பிக்சலை 206-ஆல் வகுத்தால் 5.83 இன்ச். 25.4-ஆல் பெருக்கினால் மேலே சொன்ன 148 மி.மீ. கிடைத்துவிடும். ரெசல்யூஷனும் (நீள, அகலப் பிக்சல் எண்ணிக்கை) இன்ச்சும் தெரிந்தால் எந்த டேப்பின் அகலத்தையும் இப்படிக் கண்டுபிடிக்கலாம்.

எவ்வளவு பி.பி.ஐ. வேண்டும் என்பது எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நல்ல பார்வை உள்ளவருக்கு 50 செ.மீ. தூரத்தில் 175-க்கு மேல் போனாலே பிக்சல் தனித்தனியாகத் தெரியாது. 40 செ.மீ. தூரத்தில் ஏறத்தாழ 220 வேண்டும். 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் 290 தேவைப்படும். பிள்ளைகள் கிட்டத்தில் வைத்துத்தான் படிக்கிறார்கள் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே தேவை. ‘கி’ என்பதையும் ‘கீ’ என்பதையும் பிரித்துக் காட்டுவது மேல் வளைவின் நுனியில் உள்ள ஒரு சின்னச் சுழி. ‘க’ என்பதையும் ‘க்’ என்பதையும் பிரிப்பது ஒரே ஒரு புள்ளி. 11 பாயின்ட் எழுத்தளவில் அச்சடித்த பக்கம் 8.7 இன்ச் திரையில் 54 சதவீதமாகும்போது எழுத்து 6 பாயின்ட்டுக்கு இறங்கும். அந்தத் திரையின் அடர்த்தி 179 பி.பி.ஐ. ஆக, ஒரு முழு எழுத்துக்கு மேலிருந்து கீழ்வரை கிடைப்பது சுமார் 15 பிக்சல்தான். அதற்குள் கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் அடங்க வேண்டும். புள்ளிக்கு ஒன்றிரண்டு பிக்சல் மிஞ்சும். ஸ்கேன் செய்த பழைய புத்தகமாக இருந்தால் அதுவும் மங்கிக் கரைந்துவிடும். அதே பக்கம் 11 இன்ச் 1920×1200 திரையில் எழுத்துக்கு 22 பிக்சல் வாங்கும். 2560×1600 திரையில் 29.

ஐபேட் மினி இதில் தனி ரகம். 8.3 இன்ச், 326 பி.பி.ஐ. பக்கம் 55 சதவீதமாகவே தெரிந்தாலும் எழுத்துக்கு 27 பிக்சல் கிடைப்பதால் புள்ளிகூடத் துல்லியமாக நிற்கும். ஆனாலும் எழுத்து 6 பாயின்ட்தான். கூர்மை கூடினால் எழுத்து பெரிதாகிவிடாது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இந்த இடத்தில் அகலத்துக்கே முதலிடம் கொடுக்க வேண்டும்.

பெட்டியில் எஃப்.எச்.டி. (ஃபுல் எச்.டி., அதாவது 1920×1080) என்று பெரிதாக எழுதியிருந்தால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். ‘எஃப்.எச்.டி. வீடியோ சப்போர்ட்’ என்றால் அந்த வீடியோவை ஓட்டும் திறன் சிப்பில் இருக்கிறது என்று மட்டுமே பொருள். திரை 1280×800 ஆகவே இருக்கலாம். ‘டிஸ்பிளே ரெசல்யூஷன்’ என்ற வரியில் உள்ள இரண்டு எண்கள் மட்டும்தான் கணக்கில் சேரும்.

பேனல், கண்ணாடி, வெளிச்சம்

30 ஆயிரம் ரூபாய்க்குக் கீழே கிடைப்பவற்றில் பெரும்பாலானவை எல்.சி.டி., அதாவது பின்னால் உள்ள விளக்கின் வெளிச்சத்தில் தெரியும் திரை. அதில் ஐ.பி.எஸ். என்று குறிப்பிட்டிருந்தால் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. ஓலெட், அமோலெட் என்பவற்றில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும். கறுப்பு என்றால் அந்த இடம் முழுக்க அணைந்துவிடும். சாம்சங் டேப் எஸ் வரிசையின் மேல்மட்ட மாடல்களிலும், 2024 முதல் ஐபேட் புரோவிலும் இது இருக்கிறது. படம் பார்க்க அருமையான திரை. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தைப் படிக்க மட்டும் இதற்காக இரண்டு மடங்கு கொடுப்பது தேவையற்றது என்பதே எங்கள் கருத்து. பல ஓலெட் திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது வேகமாக அணைந்து அணைந்து எரியும். சிலருக்கு இதனால் தலைவலி வரும். உங்களுக்குத் தொந்தரவு வருமா என்று பார்க்க, கடையில் டேப்பின் பிரைட்னஸை நன்றாகக் குறைத்துவிட்டு உங்கள் போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். திரையில் பட்டை பட்டையாக ஓடினால் அது துடிக்கும் திரை. சில எல்.சி.டி.களும் இப்படித் துடிக்கும்.

விளம்பரத்தில் அதிகம் பேசப்படாத ஒன்று லேமினேஷன். மேல் கண்ணாடியும் கீழே உள்ள பேனலும் இடைவெளி இல்லாமல் ஒட்டப்பட்டிருந்தால் எழுத்து கண்ணாடியின் மேலேயே மிதப்பதுபோல் தெரியும், பிரதிபலிப்பும் குறையும். ஒட்டாமல் இருந்தால் நடுவில் மெல்லிய காற்று இடைவெளி இருக்கும். பேனா வைத்த இடத்துக்கும் கோடு விழும் இடத்துக்கும் ஒரு சின்ன விலகல் தெரியும். சாதாரண ஐபேட் ஒட்டாத வகை; ஏர், மினி, புரோ மூன்றும் ஒட்டிய வகை. ஒட்டாத வகைக்கும் ஒரு நன்மை உண்டு. கீழே விழுந்து மேல் கண்ணாடி மட்டும் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஒட்டிய வகையில் பேனலோடு சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும், செலவு அதிகம். சின்னப் பிள்ளைகள் கையில் போகும் டேப் என்றால் இதை யோசியுங்கள்.

வெளிச்சத்தை நிட்ஸில் சொல்வார்கள். வீட்டுக்குள் 300 தாராளம். பஸ்ஸில், ஜன்னலோரம், கல்லூரி வராந்தாவில் பயன்படுத்த 400 முதல் 500 வேண்டும். நேரடி வெயிலில் 500 நிட்ஸ் எல்.சி.டி.கூடத் தடுமாறும். ஷோரூம் பீஸ்கள் எல்லாம் முழு பிரைட்னஸில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் உள்ளே நின்று பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. அனுமதித்தால் வாசல் வரை கொண்டுபோய்ப் பாருங்கள்.

90, 120 ஹெர்ட்ஸ் தேவையா?

ஒரு நொடிக்குத் திரை எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதே ரெஃப்ரெஷ் ரேட். 60-லிருந்து 120-க்குப் போனால் ஸ்க்ரோல் செய்யும்போது எழுத்து குழையாமல் ஓடும், பேனாவுக்குப் பின்னால் கோடு தாமதமின்றி வரும். படிப்பதற்கும் வீடியோவுக்கும் பெரிய மாற்றம் இல்லை. விலை குறைந்த டேப்பில் 90 ஹெர்ட்ஸ் என்று போட்டு, பலவீனமான சிப்பும் 4 ஜி.பி. ரேமும் வைத்திருந்தால், அந்த 90-ஐத் தொடர்ந்து கொடுக்க அதனால் முடியாது. ஸ்க்ரோல் தடுக்கித் தடுக்கித்தான் போகும். ‘8 ஜி.பி. ரேம்’ என்பதற்கு அருகில் சின்ன எழுத்தில் 4+4 என்று இருந்தால், பின்னது ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கிய ரேம். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ பார்ப்பவர்கள் வைட்வைன் என்ற திருட்டுத் தடுப்பு முறையின் எல்1 நிலை இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். எல்3 மட்டும் உள்ள டேப்பில், திரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த ஆப்கள் 480பி என்ற குறைந்த தரத்துக்கு மேல் காட்டாது. யூடியூபுக்கு இந்தத் தடை இல்லாததால், கடையில் யூடியூப் போட்டுக் காட்டும்போது குறை தெரியவே தெரியாது. டி.ஆர்.எம். இன்ஃபோ என்ற இலவச ஆப்பைப் போட்டால் செக்யூரிட்டி லெவல் என்ற இடத்தில் எல்1-ஆ எல்3-ஆ என்று காட்டிவிடும்.

பேனாவையும் சேர்த்து விலை போடுங்கள்

ரப்பர் முனையோடு நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா எந்தத் திரையிலும் வேலை செய்யும். ஆனால் திரை அதை ஒரு விரலாகத்தான் நினைக்கும். கையைத் திரையில் ஊன்றி எழுதினால் கையும் கோடு போடும். குறிப்பெழுத, விரலிலிருந்து பிரித்துத் திரை அடையாளம் காணும் ஆக்டிவ் பேனா வேண்டும், அதற்கு டேப்பும் ஒத்துழைக்க வேண்டும். சாம்சங்கின் எஸ் பென்னுக்குத் திரைக்கு அடியில் தனி அடுக்கு இருக்கும். டேப் எஸ் வரிசையில் அது உண்டு, இப்போதைய ஏ வரிசையில் கிடையாது. எஸ் வரிசையில் பேனா பெட்டிக்குள்ளேயே வருகிறது. எழுதுவதற்கு அதைச் சார்ஜ் செய்யத் தேவையில்லை. மற்ற ஆண்ட்ராய்டு நிறுவனங்களில் ஒன்றின் பேனா மற்றொன்றில் வேலை செய்யும் என்று நம்பி வாங்காதீர்கள். அந்த மாடலின் பெயர் பேனாவின் பட்டியலில் இருக்க வேண்டும்.

ஆப்பிளில் சாதாரண ஐபேடுக்குச் சேரும் யு.எஸ்.பி.-சி பென்சில் அழுத்தத்தை உணராது. குறிப்பெழுத அது பிரச்சினை இல்லை. ஓவியம் வரைபவர்களுக்குப் பெரிய குறை. அறிமுக விலைப்படி ஏ16 ஐபேட் 34,900 ரூபாய், இந்தப் பென்சில் 7,900 ரூபாய். சேர்த்து 42,800. கவர் இன்னும் வாங்கவில்லை.

எந்த விலையில் எதை எதிர்பார்க்கலாம்

10 ஆயிரத்தை ஒட்டிய விலையில் 8.7 அல்லது 10.1 இன்ச், 800 பிக்சல் அகலம்தான் வழக்கம். யூடியூப், வீடியோ கால், கதைப் புத்தகத்துக்கு மட்டும் எடுக்கலாம். இந்த விலையில் 10.1 இன்ச்சைப் பெரிய திரை என்று விற்பார்கள். அடர்த்தி 149 பி.பி.ஐ.தான், அதே பிக்சல்களைப் பெரிதாக விரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

15 முதல் 20 ஆயிரத்தில் 11 இன்ச் 1920×1200 வந்துவிடும். மாணவர்களுக்கு இதுதான் தொடக்கம். 20 முதல் 30 ஆயிரத்தில் 2560×1600 அல்லது அதற்கு நெருக்கமான திரை, 120 ஹெர்ட்ஸ், நல்ல பிரைட்னஸ் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். திரைக்காக மட்டும் பணம் கொடுப்பவருக்கு இந்தியாவில் இதைவிட நியாயமான விலைப் படி வேறு இல்லை.

அதற்கு மேலே போனால் கணக்கு மாறுகிறது. 34,900-க்கு வந்த ஐபேடும் 60 ஹெர்ட்ஸ், 59,900-க்கு வந்த 11 இன்ச் ஐபேட் ஏரும் 60 ஹெர்ட்ஸ். ஆப்பிளில் 120 வேண்டுமென்றால் 2024-ல் 99,900 ரூபாய்க்கு வந்த 11 இன்ச் புரோவுக்குத்தான் போக வேண்டும். நடுவில் கூடுதலாகக் கொடுக்கும் பணம் சிப்புக்கும், ஆப்களின் தரத்துக்கும், பல ஆண்டுகள் வரும் அப்டேட்டுக்கும் போகிறது. ஐந்தாறு ஆண்டு வைத்திருக்கப் போகிறவருக்கு அது தகும். விலைகள் பண்டிகைச் சலுகைகளில் இறங்கும். பழைய மாடல் ஒன்று பாதி விலைக்கு வந்தால், அதற்கு இன்னும் எத்தனை ஆண்டு செக்யூரிட்டி அப்டேட் பாக்கி என்று நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பணம் கொடுக்கும் முன்பும் பின்பும்

கடைக்கு உங்கள் பி.டி.எஃப். ஒன்றை யு.எஸ்.பி.-சி பென் டிரைவில் கொண்டுபோங்கள். டெமோ வீடியோவை நிறுத்திவிட்டு அதைத் திறக்கச் சொல்லிப் படியுங்கள். பேனா வாங்குவதாக இருந்தால், திரையில் ஒரு ஸ்கேலைச் சாய்வாக வைத்து அதன் ஓரத்தில் மிக மெதுவாகக் கோடு இழுங்கள். கோடு நெளிந்தால் உங்கள் கையெழுத்தும் நெளியும். வேகமாக இழுத்தால் இந்தக் குறை தெரியாது.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். அன்றிரவே அறையை இருட்டாக்கி, முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். பிறகு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒற்றை நிறப் படங்களைத் திறந்து செத்த (சரியாக ஒளிராத) பிக்சல் இருக்கிறதா என்று தேடுங்கள். எல்.சி.டி.யில் மூலைகளில் லேசான கசிவு இயல்பானது. சாதாரண பிரைட்னஸில் படம் பார்க்கும்போதும் கண்ணை உறுத்தினால், ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் மாற்றிக் கேளுங்கள். டெம்பர்ட் கிளாஸை இந்தச் சோதனை முடிந்த பிறகு ஒட்டுங்கள். காகிதம் போன்ற சொரசொரப்பான ஃபிலிம் பேனாவுக்கு நல்ல பிடிமானம் தரும், ஆனால் எழுத்தின் கூர்மையைக் குறைக்கும், பேனா முனையையும் சீக்கிரம் தேய்க்கும். எழுதுவதைவிடப் படிப்பது அதிகம் என்றால் வழுவழுப்பான கண்ணாடியே போதும்.